ஓடும் ஷூ காலுக்குப் பொருந்துகிறது, அந்த நிறுவனம் மனதுக்குப் பொருந்தவில்லை: மாற்றினால் வேகம் குறையுமா?

தினசரிப் பயிற்சிக்கான ஷூ என்றால் தாராளமாக மாற்றலாம். வேகம் போய்விடும் என்ற பயத்துக்குப் பந்தய ஷூவில்தான் இடமிருந்தது, அதுவும் 2017-இல். நைக்கி அப்போது வேப்பர்ஃபிளை என்ற பந்தய ஷூவில் பீபா (PEBA) என்ற இலேசான, துள்ளும் நுரையையும் கார்பன் தகட்டையும் சேர்த்தது. கொலராடோ பல்கலைக்கழகச் சோதனையில் அதன் முன்மாதிரி, ஓடச் செலவாகும் ஆற்றலைச் சராசரியாக 4% குறைத்தது (சோதனைக்குப் பணம் கொடுத்ததும் நைக்கிதான்). இன்று சக்கோனி, பூமா, ஆசிக்ஸ் எல்லாரிடமும் இந்த ரகம் இருக்கிறது.

ஆனால் பெட்டி மேல் இருக்கும் பெயரை மாற்றினால் போதும் என்று நினைக்காதீர்கள். தைவானின் பௌ சென் குழுமம் நைக்கிக்கும் செய்கிறது, அடிடாஸுக்கும் ஆசிக்ஸுக்கும் செய்கிறது. நம் செய்யாறில் நைக்கி ஷூ தயாராவதும் ஃபெங் டே என்ற இன்னொரு தைவான் குழுமத்தின் ஆலையில்தான். ஒன்றை விட்டு இன்னொன்றை வாங்கினாலும் காசு அதே முதலாளியிடம் போகலாம். பார்க்க வேண்டியது, ஷூ எந்தெந்த ஆலைகளில் தயாராகிறது என்று நிறுவனம் வெளியிடும் ஆலைப் பட்டியலை. ஆலைத் தொழிலாளர்கள் நடத்தப்பட்ட விதத்துக்காக 90-களில் வாங்கிய அடிக்குப் பிறகு, 2005-இல் நைக்கி அதை வெளியிட்டது. பட்டியலே போடாத நிறுவனம் 'நாங்கள் நேர்மையானவர்கள்' என்று விளம்பரம் செய்தால் நான் காதில் போட்டுக்கொள்ள மாட்டேன்.

உங்கள் உறுத்தல் விலங்குத் தோல் பற்றியது என்றால், ஐரோப்பிய விதிப்படி ஒட்டும் லேபிளைப் பாருங்கள். விரித்த தோல் படம் தோலைக் குறிக்கும். வலைக் கட்டம் துணி. வெறும் சாய்சதுரம் மற்றவை. இதில் ஒரு ஓட்டை உண்டு: மேற்பாகப் பரப்பில் 80% எதுவோ அதைச் சொன்னால் போதும். குதிகால் ஓரத்தில் ஒட்டிய ஸ்வேட் தோல் துண்டும், பசையில் என்ன இருக்கிறது என்பதும் அதில் வராது. நிறுவனத்துக்கு மாடல் பெயரோடு எழுதிக் கேளுங்கள்.

மாற்றுபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது 'டிராப்'பில், அதாவது குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் உள்ள உயர வித்தியாசத்தில். 10 மி.மீ. ஷூவிலிருந்து நேராக 4 மி.மீ.க்குத் தாவினால் கெண்டைக்காலும் குதிகால் நாணும் இழுத்துப் பிடிக்கும்; பழி புது நிறுவனத்தின் மேல் விழும். அதே டிராப்பில் தேடுங்கள். கிடைக்காவிட்டால் முதலில் வாரம் ஒரு குறுகிய ஓட்டம் மட்டும் புதியதில், மற்றதெல்லாம் பழையதில். சாயங்காலம், பாதம் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் போட்டுப் பாருங்கள். விரல் முனைக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும்.

ஒரு ஜோடி பொதுவாக 500 முதல் 800 கி.மீ. வரை உழைக்கும். உங்களுடையது 200 கி.மீ.தான் ஓடியிருக்கிறது என்றால் அதை ஓடித் தீர்த்துவிட்டே மாற்றுங்கள். அதற்கான காசு அவர்களுக்கு ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டது.