எழுதாத வசனம், ஒத்திகை இல்லாத மேடை: இம்ப்ராவ் கேள்வி பதில்

கேள்வி: இம்ப்ராவில், அதாவது எழுதிவைக்காமல் மேடையிலேயே உருவாக்கி நடிப்பதில், 'ஆமாம், அதோடு...' என்பதுதான் முதல் விதி என்கிறார்கள். சக நடிகர் சொல்வதற்கெல்லாம் தலையாட்ட வேண்டுமா சார்?

பதில்: வேண்டாம். அவர் உருவாக்கிய சூழ்நிலையை மறுக்கக் கூடாது, அவ்வளவே. "டாக்டர், கால் வீங்கிடுச்சு" என்று ஒருவர் வரும்போது "நான் டாக்டரே இல்லையே" என்றால் ஒரு சிரிப்பு கிடைக்கும்; காட்சி அங்கேயே படுத்துவிடும். "வீங்காம என்ன செய்யும்? கட்டுப் போட்ட அன்னைக்கே கபடி ஆடப் போனீங்களே" என்று தாராளமாகத் திட்டலாம். கதாபாத்திரங்கள் சண்டை போடட்டும், நடிகர்கள் ஒத்துப்போனால் போதும்.

கேள்வி: எங்கள் குழுவில் முதல் நிமிடம் முழுக்க வழவழவென்று போகிறது. ஏன்?

பதில்: இருவரும் கேள்வியாகவே பேசிக்கொண்டிருப்பீர்கள். "என்ன பண்றே?" என்று கேட்டால் கற்பனை செய்யும் வேலை மொத்தமும் எதிரில் இருப்பவர் தலையில் விழும். முதல் மூன்று வசனங்களுக்குள் யார், என்ன உறவு, எங்கே என்பது தெரிய வேண்டும். "அண்ணே, அப்பா மாடியேறி வர்றதுக்குள்ள பீரோவைப் பூட்டிடு." இந்த ஒரு வரியில் உறவு, இடம், பயம், ரகசியம் நான்கும் வந்துவிட்டன. பீரோவுக்குள் இருப்பதை நீங்களே சொல்லிவிடாதீர்கள், அண்ணனாக நிற்பவருக்கு விடுங்கள். பயிற்சிக்கு, ஜோடி ஜோடியாக வந்து மூன்றே வசனம் பேசி விலகுங்கள். யாராவது கேள்வி கேட்டால் அந்த ஜோடி மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.

கேள்வி: ஜோக் நன்றாக விழுகிறது, ஆனால் காட்சி வளரவே மாட்டேன் என்கிறது.

பதில்: முதலில் தலைகாட்டிய விசித்திரத்தைக் கைவிட்டுவிட்டு அடுத்த ஜோக்குக்குத் தாவுகிறீர்கள். வாடகைக்கு வீடு கேட்டு வந்தவரிடம் உரிமையாளர், "ஒரு நாளைக்குக் கதவை எத்தனை தடவை சாத்துவீங்க?" என்கிறார். அதுதான் விசித்திரம். அடுத்தது இருமலுக்குக் கணக்கு, பிறகு குக்கர் விசிலுக்கு அட்வான்ஸ். அதே புத்தி, படிப்படியாகப் பெரிதாகிறது. நடுவில் அவரைப் பேயாக்கினால் கட்டிய அத்தனையும் வீண். வந்தவர் நம்மைப் போலச் சாதாரண மனிதராகவே இருக்க வேண்டும். இருவருமே கிறுக்கானால் சிரிப்புக்குப் பிடிமானம் கிடையாது.

கேள்வி: ஹெரால்ட் என்பது என்ன?

பதில்: நீள இம்ப்ராவின், அதாவது ஒரே சொல்லிலிருந்து பல காட்சிகளாக விரியும் இம்ப்ராவின், அடிப்படை வடிவம். 1967-ல் கலிபோர்னியாவில் 'தி கமிட்டி' என்ற இம்ப்ராவ் குழு ஆடியது. பின்னர் சிகாகோவில் இம்ப்ராவ் ஆசிரியர்களான டெல் குளோஸும் சார்னா ஹால்பர்னும் அதைச் செம்மைப்படுத்தினார்கள். பார்வையாளர் தரும் ஒரு சொல், அதை வைத்து எல்லோரும் சேர்ந்து ஒரு தொடக்கம், தொடர்பில்லாத மூன்று காட்சிகள், ஒரு குழு விளையாட்டு. அதே மூன்றும் இரண்டாம் சுற்றில் வளரும், மறுபடி விளையாட்டு, மூன்றாம் சுற்றில் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். ஏறக்குறைய அரை மணி நேரம். ஆறிலிருந்து எட்டுப் பேர் வசதி. புதியவர்கள் முதல் சுற்றிலேயே மூன்றையும் இணைக்கப் பார்ப்பார்கள். அப்படிச் செய்தால் பின்னால் இணைக்க எதுவும் மிஞ்சாது.

கேள்வி: தெருக்கூத்தில் கட்டியங்காரன் செய்வதும் இம்ப்ராவ்தானே?

பதில்: பாதி. கதையும் பாட்டும் முன்பே தீர்மானமானவை. திரைக்குப் பின்னால் நிற்கும் ராஜாவிடம் "நீ யாரு?" என்று கேட்டு, நடுவில் ஊர் விஷயத்தை இழுத்துப் பேசும் பகுதி முழுக்க அந்த நேரத்துச் சாமர்த்தியம். கூட்டத்தின் நாடி பிடிப்பதைக் கற்க அதைவிட நல்ல பள்ளி இல்லை.

கேள்வி: பார்வையாளர்களிடம் சொல் கேட்டால் ஆபாசமாகவே கத்துகிறார்கள்.

பதில்: "ஏதாவது சொல்லுங்க" என்று கேட்காதீர்கள். "உங்க வீட்டுப் பரணில் இருக்கும் பழைய பொருள் ஒன்று?" என்று குறிப்பாகக் கேளுங்கள்.

கேள்வி: காட்சியை எப்போது வெட்டுவது?

பதில்: பெரிய சிரிப்பு எழும்போதே. காட்சியில் இல்லாமல் ஓரமாக நிற்கும் நடிகர் மேடையின் முன்பக்கமாகக் குறுக்கே ஓடினால் போதும், அடுத்த காட்சி. உள்ளே இருப்பவர்கள் தாங்களாக முடிக்கக் காத்திருந்தால் அவர்கள் திணறுவதைத்தான் கூட்டம் பார்க்கும்.