சரணாலயத்த எப்படி பாத்துக்கிறது? குமரி மாவட்டத்துக்காரங்க கேட்டதும் நான் சொன்னதும்

காட்டுக்குள்ளயும் குளக்கரையிலயும் சர்வே எடுக்குறது தான் என் பொழப்பு. கேள்வி நெறைய வந்துருக்கு, திரும்பத் திரும்ப வந்தத ஒண்ணா சேத்துட்டேன். சிலதுக்கு பதில் நீளமா போயிருச்சு, பொறுத்துக்கிடுங்க.

தேரூர் தம்பி: அண்ணே, எங்க குளம் பூரா ஆகாயத்தாமரை. ஜேசிபி விட்டா ஒரே வாரத்துல முடிஞ்சிரும். ஏன் இப்படி இழுத்துக்கிட்டு கெடக்காங்க?

ஒரே வாரத்துல முடியும் தம்பி, அடுத்த வருஷம் திரும்ப வந்து நிக்கும். அதோட வெத சேத்துக்குள்ள பல வருஷம் உயிரோட கெடக்கும், மேல இருந்து உரத்தண்ணியும் சாக்கடையும் வந்துக்கிட்டே இருந்தா அதுக்கு விருந்து தான். அதனால முதல்ல தண்ணி எங்கேருந்து அழுக்காகுதுன்னு பாக்கணும், செடி ரெண்டாவது.

சுசீந்திரம் - தேரூர் குளங்களும் வேம்பனூரும் 2022ல ராம்சார் பட்டியல்ல (உலக அளவுல முக்கியமான நீர்நிலைங்க பட்டியல்) ஏறினது. ஆனா இது வயலுக்கு தண்ணி போற குளமும் கூட, கன்னிப்பூ, கும்பப்பூன்னு ரெண்டு நெல் போகமும் இத நம்பித்தான். அப்போ வேலைய எப்போ செய்யுறதுங்கறது தான் பெரிய விஷயம். பிப்ரவரி கடைசில அணை அடைப்பாங்க, குளம் வத்த ஆரம்பிக்கும், ஊசிவால் வாத்து மாதிரி வெளிநாட்டு விருந்தாளிங்களும் கிளம்பிருவாங்க. ஜூன்ல மழை புடிச்சா நீளவால் இலைக்கோழி தாமரை இலை மேலயும் மெதக்குற செடி மேலயும் முட்டை போட்டுரும் (அடைகாக்குறது ஆண் தான், பெண் அடுத்த ஜோடி தேடி போயிரும்!). அப்போ மார்ச்லேருந்து மே வரைக்கும் தான் நமக்கு டைம், அதுக்கு முன்னாலயும் கூடாது, பின்னாலயும் கூடாது.

இன்னொண்ணு, ஜேசிபி எல்லா இடத்தையும் ஒரே ஆழமா தோண்டிரும். உள்ளான் மாதிரி சின்னக் கரைப்பறவைக்கு கணுக்கால் தண்ணி போதும், சங்குவளை நாரை முழங்கால் தண்ணில நின்னு மூக்க விட்டு தொழாவும், நீர்க்காகத்துக்கு முங்குறதுக்கு ஆழம் வேணும். அதனால வேலைக்கு முன்னாடி ஒரு கம்புல அளவு குறிச்சுக்கிட்டு குளம் பூரா குத்திப் பாத்து ஆழம் எழுதணும், எந்த மூலைல என்ன பறவை நிக்குன்னு எண்ணணும், அப்புறமா ஒரு பகுதிய மட்டும் எடுக்கணும், இன்னொரு மூலைய தொடவே கூடாது. தொடாத மூலை இருந்தா தானே நீங்க செஞ்சதால பறவை கூடுச்சா, இல்ல அந்த வருஷம் மழை நல்லா பெஞ்சதால கூடுச்சான்னு தெரியும்? வாரின செடிய கரைலயே குவிக்காதீங்க, முதல் மழைக்கே திரும்ப உள்ள வந்துரும்.

நாகர்கோவில்லேருந்து ஒரு நண்பர் குழு: வர்ற ஆடில மலை மேல புல்வெளியா மொட்டையா கெடக்குற இடத்துல விதைப்பந்து எறியலாமா?

வேண்டாம் மக்கா. கோவப்படாதீங்க.

மொட்டைன்னு நீங்க சொல்லுத இடம் தான் வரையாடும் மிளா மானும் காட்டுமாடும் மேயுற இடம். முத்துக்குழிவயல் பக்கம் போனா தெரியும், மடிப்புல சோலைக்காடு, மேட்டுல புல், ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கும், புல் மழைத்தண்ணிய புடிச்சு வச்சு ஓடைல கொஞ்சங்கொஞ்சமா விடும். நீலகிரிலயும் கொடைக்கானல்லயும் இப்படித்தான் புல்வெளிய சும்மா கெடக்குன்னு நெனச்சு வெளிநாட்டு சீகை மரம் (வாட்டில்) வச்சாங்க, இப்போ அத வெட்டி எடுக்க படுத பாடு கொஞ்ச நஞ்சமில்ல. மரம் நட்டா போட்டோ நல்லா வரும், உண்ணிச்செடி (லேண்டானாங்கற வெளிநாட்டுக் களை) புடுங்குனா வராது, ஆனா காட்டுக்கு வேண்டியது அதான். ஆர்வம் இருந்தா அனுமதி வாங்கிட்டு உண்ணிச்செடி எடுக்க வாங்க. அதுவும் ஒரு தடவ எடுத்துட்டு போனா பிரயோஜனம் இல்ல, அதே இடத்துக்கு அடுத்த வருஷமும் அதுக்கடுத்த வருஷமும் வரணும்.

ஆசாரிப்பள்ளம் அக்கா: புலிக் கணக்கெடுப்புல ஒரே புலிய ரெண்டு தடவ எண்ணிர மாட்டாங்களா?

நல்ல கேள்விக்கா. காட்ட 2 சதுர கிலோமீட்டர் கட்டம் கட்டமா பிரிச்சு, கட்டத்துக்கு ரெண்டு கேமரா, பாதைக்கு ரெண்டு பக்கமும் எதிரெதிரா வப்பாங்க. வரி ஒரு புலிக்கு இருக்கறது இன்னொண்ணுக்கு இருக்காது, ஒடம்போட ரெண்டு பக்கமும் வேற வேற, அதான் ரெண்டு கேமரா. அதே புலி திரும்ப எத்தன தடவ மாட்டுதுன்னு பாத்து, கேமரால மாட்டாதது எவ்வளவு இருக்கும்னும் கணக்கு போடுவாங்க. நாடு பூரா நாலு வருஷத்துக்கு ஒரு தடவ நடக்கும்.

கேக்க ஹைடெக்கா இருக்கும், ஆனா பாதி வேலை கேமரா முன்னாடி நிக்குற புல்ல அறுக்குறது தான். விட்டா காத்துல ஆடுற புல்ல மட்டும் ஆயிரக்கணக்குல எடுத்து வச்சிருக்கும். உள்ள எறும்பு கூடு கட்டும், யானை புடுங்கி மிதிக்கும்.

குலசேகரத்துக்காரர்: அரிக்கொம்பன் யானை கீழ எறங்கி வருமா?

2023 ஜூன்ல தேனி பக்கம் புடிச்சு மேல்கோதையார் காட்டுல விட்டாங்க, கழுத்துல ரேடியோ காலரோட. காலர் இருந்தா எங்க நிக்குன்னு தெரியும், எங்க போகும்னு தெரியாது. வாட்ஸப்ல வர்ற ஆடியோவ நம்பாம ரேஞ்ச் ஆபீஸ்ல கேளுங்க.

பேர் போட வேண்டாம்னவர்: காட்ட காப்பாத்தணும்னா உள்ள இருக்குற காணிக்காரப் பழங்குடிங்கள வெளிய எடுத்தா தானே முடியும்?

கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம் 2008ல தான் அறிவிச்சாங்க, 402 சதுர கிலோமீட்டர். காணிக்காரங்க அதுக்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்னாலேருந்தே இருக்காங்க. 2006 வன உரிமைச் சட்டம் அவங்களுக்கு உரிமை குடுத்துருக்கு, சரணாலயம்னு போர்டு வச்சதால அது போயிராது. உரிமைய விட்டாலும் வேலைக்கே அவங்க வேணும்யா. எந்த ஓடைல கோடைலயும் தண்ணி நிக்கும், எந்தப் பாதைல யானை வரும்னு என் ஜிபிஎஸ்ஸுக்கு தெரியாது. ஆரோக்கியப்பச்சைங்கற மூலிகைய ஆராய்ச்சிக்காரங்களுக்கு காட்டிக் குடுத்ததே இந்த அகத்தியமலை காணிக்காரங்க தான்.

பி.எஸ்சி. விலங்கியல் படிக்கிற தங்கச்சி: ஒரு சரணாலயத்த நடத்துற எடத்துக்கு நான் வர முடியுமா? என்ன படிக்கணும்?

முடியும்மா. பொறுப்பு எடுக்கணும்னா ரெண்டு வழி. ஒண்ணு யுபிஎஸ்சி வழியா ஐஎஃப்எஸ் (இந்திய வனப்பணி), விலங்கியல் டிகிரி அதுக்கு செல்லும், ட்ரெய்னிங் டேராடூன்ல. இன்னொண்ணு ஆராய்ச்சி வழி, டேராடூன்ல இந்திய வனவிலங்கு நிறுவனம் இருக்கு, நம்ம பக்கம்னா மயிலாடுதுறை ஏவிசி காலேஜ்ல வனவிலங்கு உயிரியல் இருக்கு. எந்த வழில போனாலும் ஸ்டாடிஸ்டிக்ஸ விட்டுராத, பயந்து ஒதுங்குறவங்க தான் நெறைய. க்யூஜிஐஎஸ் மேப் போடுற ஃப்ரீ சாஃப்ட்வேர், இன்னைக்கே போட்டு பழகு.

மேல உக்காந்தவருக்கு காட்டுல நடக்குறத விட ஃபைல் தான் ஜாஸ்தி. பத்து வருஷத்துக்கு மேலாண்மைத் திட்டம் எழுதணும், கோடைக்கு முன்ன தீத்தடுப்புக் கோடு வெட்டினாங்களான்னு பாக்கணும், வேட்டைத்தடுப்பு காவலருக்கு சம்பளம் நேரத்துக்கு போச்சான்னு பாக்கணும், ரோடு கேட்டு வர்றவருக்கு மொகத்துக்கு நேரா முடியாதுன்னு சொல்லணும். அப்படி சொல்லுறதுக்கு கைல வருஷாவருஷம் எண்ணின கணக்கு இருக்கணும், இல்லன்னா உன் பேச்சு எடுபடாது.

இப்போதைக்கு ஜனவரில நீர்ப்பறவை கணக்கெடுப்பு வரும்போது பேர் குடு. அதுக்குள்ள ஒரு பைனாகுலர் கடன் வாங்கி, மணக்குடி பக்கமோ புத்தளம் உப்பளத்துக்கோ போய் சின்னக் கொக்கையும் உண்ணிக்கொக்கையும் பிரிச்சு பாக்க பழகிரு. சின்னக் கொக்குக்கு மூக்கு கருப்பு, உண்ணிக்கொக்குக்கு மஞ்சள். புதுசா வர்றவங்க அதிகமா குழம்புறது அங்க தான்.