ஃபிளிப்பர் இல்லாத பின்பால்: வாசகர் கேள்விகள்

கேள்வி: 1930களின் பின்பால் மெஷினில் பந்தைத் திருப்பி அடிக்கும் ஃபிளிப்பரே இல்லையே, அதில் ஆட என்ன இருக்கிறது?

பதில்: பந்தை ஏவும் பிளஞ்சரை எவ்வளவு இழுத்து விடுகிறோம், பந்து ஓடும்போது மெஷினை எவ்வளவு பக்குவமாகத் தட்டுகிறோம் என்பதுதான் ஆட்டம். அளவு மீறித் தட்டினால் உள்ளே தொங்கும் ஊசல் வளையத்தில் பட்டு, ‘டில்ட்’ ஆகி ஆட்டம் நின்றுவிடும். மின்சார ஃபிளிப்பர் வந்தது 1947இல், காட்லீப் கம்பெனியின் ‘ஹம்ப்டி டம்ப்டி’யில்தான். அதன்பின் பழைய மெஷின்களிலும் ஃபிளிப்பரைத் தனியாக வாங்கிப் பொருத்தினார்கள். ஆகவே 1946 மெஷினில் ஃபிளிப்பர் இருந்தால், வாங்கும் முன் பலகையைத் தூக்கி அடியில் பாருங்கள். ஒட்டுப்போட்ட வயரும் பிற்பாடு போட்ட துளையும் காட்டிக்கொடுத்துவிடும்.

கேள்வி: ஸ்பிரிங் பம்பர் (பந்து வந்து இடிக்கும் ஸ்பிரிங்) வைத்த மெஷின். எந்த பம்பரில் இடித்தாலும் ஸ்கோர் ஏறவில்லை. ஸ்கோரை ஏற்றும் காயில் (கம்பிச் சுருள்) மட்டும் சுடுகிறது. காயிலை மாற்றலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். காயில் சுடுகிறது என்றால் அதற்குக் கரன்ட் இடைவிடாமல் போய்க்கொண்டிருக்கிறது. இந்த பம்பர் பந்தை எத்தித் தள்ளாது, வெறும் சுவிட்ச்தான்: பந்து இடித்ததும் ஸ்பிரிங் சாய்ந்து, அதன் கீழ்முனை வளையத்தைத் தொடும். எல்லா பம்பரும் ஒரே காயிலுக்குப் போவதால், ஒன்று வளைந்து வளையத்தோடு ஒட்டிக்கொண்டாலும் காயில் இழுத்தபடியே நிற்கும், மற்றவை இடித்தும் பயனில்லை.

பிளக்கைப் பிடுங்குங்கள். ஒவ்வொரு பம்பரிலும் ஒரு வயரைக் கழற்றி, மல்டிமீட்டரை ‘பீப்’ நிலையில் வைத்துத் தொடுங்கள்; ‘பீப்’ வந்தால் அதுதான் குற்றவாளி. ஸ்பிரிங் வளையத்தின் நட்டநடுவில் நிற்கும்படி நிமிர்த்தி, நாலு பக்கமும் விரலால் சாய்த்துப் பாருங்கள். தொடும் இடத்தில் கறுப்பு இருந்தால் 600 நம்பர் எமரி பேப்பரால் லேசாகத் தேய்த்தால் போதும். எண்ணெய் ஸ்பிரே மட்டும் வேண்டவே வேண்டாம். அது தூசியைப் பிடித்து கான்டாக்டைக் கெடுக்கும்.

எதுவும் ஒட்டவில்லையென்றால் ஸ்கோர் ஸ்டெப்பரை, அதாவது காயில் இழுக்க இழுக்க ஸ்கோரைப் படிப்படியாக ஏற்றும் பல்சக்கர அமைப்பைப் பாருங்கள். பழைய கிரீஸ் கெட்டியாகிப் பல்சக்கரம் இறுகியிருக்கும். கழற்றும்போது ரிட்டர்ன் ஸ்பிரிங் எத்தனை சுற்று முறுக்கியிருக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள், திரும்ப மாட்டும்போது அதுதான் கணக்கு. ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் கழுவி உலரவிட்டு, பித்தளை ரிவெட்டுகள்மேல் மட்டும் கிரீஸை மெலிதாகத் தடவுங்கள். இத்தனைக்கும் பிறகு காயில் சுற்றின் காகிதம் கருகியிருந்தால் மாற்றுங்கள்.

கேள்வி: அமெரிக்க மெஷினை 230 வோல்ட்டில் ஓட்டலாமா?

பதில்: நேரடியாகக் கூடாது. வோல்ட்டை 110க்குக் குறைக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வையுங்கள். அங்கே 60 சைக்கிள், இங்கே 50 என்பதால் மெஷினின் டிரான்ஸ்ஃபார்மர் கூடுதலாகச் சுடும். கை வைக்க முடியாத அளவு சுட்டால் ஸ்டெப் டவுனின் 100 வோல்ட் டேப்புக்கு (இணைப்பு முனைக்கு) மாற்றுங்கள். துணி சுற்றிய வயர் உதிர்கிறதென்றால் அதற்கு முன்பே மெயின் வயரை மாற்றி, மெஷினில் குறித்துள்ள ஆம்பியரிலேயே ஃபியூஸ் போடுங்கள்.