உறைபனியில் ஒரு காலடி

வணக்கம் ஐயா,

திருமங்கலத்திலிருந்து எழுதுகிறேன். போன மே மாதம், மின்விசிறிகூட அனலை வாரி இறைத்த மதியங்களில், பனியில் சிக்கிய சிற்றூர்களில் நடக்கும் மேல்நாட்டு மர்மக் கதைகளாகத் தேடித் தேடிப் படித்தேன். சாலை மூடிவிடும். யாரும் ஊரைவிட்டுப் போக முடியாது. கொலைகாரன் உள்ளேதான் இருப்பான். அந்த ஆசையில் நானும் ஒரு நாவல் தொடங்கிவிட்டேன். கொடைக்கானலுக்கு மேலே ஒரு கற்பனைக் கிராமம், முதல் அத்தியாயத்திலேயே முழங்கால் உயரத்துக்குப் பனி. படித்துப் பார்த்த என் தம்பி, "அக்கா, இது கொடைக்கானலா, சுவிட்சர்லாந்தா?" என்கிறான். கற்பனை ஊர்தானே, பனி பெய்தால் என்ன? இல்லை, நம் பக்கத்தில் இப்படி ஒரு கதைக்கு இடமே இல்லையா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் தம்பி சொன்னதுதான் சரி. முழங்கால் உயரப் பனியை எடுத்துவிடுங்கள். நாவலை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

பனி என்ற சொல்லே உங்களை இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்று நினைக்கிறேன். மார்கழி விடியலில் கோலம் போடப் போகும் பெண்ணிடம் "பனி கொட்டுது, தலையில துண்டப் போட்டுக்க" என்று சொல்கிற ஊர் நம்முடையது. புல் நுனியில் நிற்கும் நீர்த்துளியும் பனிதான், மலையை மறைக்கும் மூட்டமும் பனிதான், இமயத்தில் கொட்டுவதும் பனிதான். ஆனால் கதையில் ஒவ்வொன்றும் செய்யும் வேலை வேறு. இமயத்தில் கொட்டும் பனி, கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடரில் பெய்வதில்லை. அங்கே விழுவது உறைபனி. அதை வைத்தே நீங்கள் ஒரு நல்ல நாவல் எழுதலாம்.

ஒரு தை மாதம் பூம்பாறைப் பக்கம் தங்கியிருந்தேன். விடிவதற்கு முன்னால் எழுந்து வெளியே வந்தால், பூண்டு வயலின் ஓரத்துப் புல்லெல்லாம் உப்பைத் தூவியது போல வெளுத்துக் கிடந்தது. வாசலில் நின்ற பைக்கின் சீட்டில் மெல்லிய ஏடாகப் பனி உறைந்திருந்தது, நகத்தால் சுரண்டினால் வந்தது. அந்த வெள்ளையின் நடுவே யாரோ நடந்து போன தடம், அடர் பச்சையாக, ஒவ்வொரு காலடியும் தனித்தனியாக. டீ குடித்து முடிப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது. புல் நனைந்து பளபளத்தது, தடத்தைக் காணவில்லை. சரி, அவ்வளவுதான் என்று இருந்தேன். இரண்டு நாள் கழித்து அதே ஓரமாக நடந்தபோது நின்றுவிட்டேன். அதே காலடிகள், இப்போது பழுப்பாக. உறைந்த புல்லை மிதித்தால் அதன் உள்ளிருக்கும் உயிரணுக்கள் உடைந்துவிடும். மிதிபட்ட புல் மட்டும் பிறகு காய்ந்து நிறம் மாறும்.

இதை யோசித்துப் பாருங்கள். மேல்நாட்டுக் கதையில் பனி பெய்யப் பெய்யத் தடம் மூடிப் போய்விடும். உங்கள் மலையில் ஏழு மணிக்கு இருந்த தடம் எட்டு மணிக்கு மறைகிறது, இரண்டு நாள் கழித்துத் திரும்பி வருகிறது. கொலைகாரன் வெயில் ஏறியதும் நிம்மதியாகப் போய்ப் படுத்திருப்பான். அதிகாலையில் மாட்டை அவிழ்க்கப் போன ஒரு பாட்டி மட்டும் அந்தத் தடத்தைப் பார்த்திருப்பார், அவர் சொன்னதை ஒருவரும் நம்பியிருக்க மாட்டார்கள். எனக்கே எழுதக் கை துறுதுறுக்கிறது. ஆனால் இது உங்கள் நாவல்.

ஒன்றில் கவனம் வேண்டும். வானம் தெளிந்து, காற்று அசையாத இரவில்தான் உறைபனி விழும். மேகம் மூடியிருந்தால் தரையின் சூடு போர்வைக்குள் இருப்பது போலத் தங்கிவிடும். அதனால் ஒரே இரவில் புயலும் உறைபனியும் வைக்காதீர்கள். கார்த்திகைக் கடைசியில் புயல் வரட்டும், சாலை போகட்டும். அப்புறம் வானம் வெளுத்து, மார்கழியில் பனி இறங்கட்டும்.

சாலையை மூடப் பனியே வேண்டியதில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் திண்டுக்கல் வழியாகப் போனபோது கொடைக்கானல் மலையில் மரங்கள் சாய்ந்து, மண் சரிந்து சாலைகள் அடைபட்டது நினைவிருக்கும். கொடைக்கானலுக்காவது வத்தலக்குண்டு வழியும் பழனி வழியும் இருக்கின்றன. அதைத் தாண்டிப் பூம்பாறை, மன்னவனூர் என்று உள்ளே போகப் போக ஒரே சாலைதான் துணை. கரண்ட் போய், டவரின் பேட்டரியும் தீர்ந்தால் செல்போனும் ஊமை. வடுகபட்டிச் சந்தையிலிருந்து பூண்டு விலை பேச வந்த ஒரு வியாபாரி அந்த ஊரில் மாட்டிக்கொண்டால், உங்களுக்கு முதல் சந்தேக ஆள் கிடைத்துவிட்டார்.

இறந்த நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மதுரையில் மே மாத மதியம் வெயில் 40 டிகிரியைத் தொடும், மனித உடலின் சூடு 37. அந்த வெயிலில் கிடக்கும் உடல் குளிரவே குளிராது, அதைத் தொட்டுப் பார்த்து நேரம் சொல்ல வழியில்லை. மலையில் நேர்மாறு. குளிரில் உடல் சீக்கிரம் ஆறிவிடும், ஆனால் விறைப்பு தாமதமாக வரும். சூட்டைப் பார்த்தால் இறந்து வெகுநேரம் ஆனது போலவும், விறைப்பைப் பார்த்தால் இப்போதுதான் இறந்தது போலவும் தோன்றும். உங்கள் டாக்டரும் எஸ்.ஐ.யும் இதில் முட்டிக்கொள்ளட்டும். ஆமாம், சந்தேக மரணம் என்று எழுதும்போது, கதை 2024 ஜூலை 1 முதல் நடந்தால் புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 194-ஆம் பிரிவு. அதற்கு முன்னால் என்றால் பழைய சி.ஆர்.பி.சி.யின் 174.

நம் பக்கத்தில் இடமே இல்லையா என்று கேட்டதுதான் எனக்குக் கொஞ்சம் வருத்தம். மலைக்குக் கூதிர் என்ற குளிர்காலத்தையும் முன்பனியையும் நள்ளிரவையும் பொழுதாக வகுத்துக் கொடுத்தது தொல்காப்பியம். சங்கப் பாட்டில் இரவுக்குறியில், அதாவது காதலர் இரவில் சந்திக்கக் குறித்த இடத்தில், தலைவன் வந்ததாக எண்ணி, வேறு ஏதோ ஓசையைக் கேட்டுத் தலைவி வெளியே வந்து ஏமாந்து போவாள். அல்லகுறி என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். துப்பறிகிறவரைத் தப்பான தடயத்தில் அலையவிடும் அத்தியாயத்துக்கு இதைவிட நல்ல தலைப்பு எனக்குத் தெரியவில்லை.

தை பிறந்ததும் மதுரை ஆரப்பாளையத்தில் கொடைக்கானல் பஸ் ஏறுங்கள். தம்பியையும் கூட்டிப் போங்கள். மேலே இரண்டு இரவாவது தங்கி, ஐந்தரைக்கே எழுந்து செருப்பில்லாமல் அந்தப் புல்லில் ஒரு தடவை கால் வைத்துப் பாருங்கள். முதல் அத்தியாயத்தை அதன் பிறகு திருத்தி எனக்கு அனுப்புங்கள். காத்திருக்கிறேன்.

அன்புடன்