டாக்டரே அட்மிட் செய்த பிறகு, அது தேவையா என்று இன்னொருவர் ஏன் பார்க்கிறார்?

"டாக்டர் சொல்லித்தானே சேர்ந்தோம், அதை மறுபடி பரிசீலிக்க இவர்கள் யார்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கோபம்தான். ஆனால் காப்பீட்டு நிறுவனமோ மருத்துவமனையோ வைத்திருக்கும் இந்தப் பரிசீலனையாளர்கள் பார்ப்பது உங்களுக்கு நோய் இருக்கிறதா என்பதை இல்லை, அந்த நோய்க்கு மருத்துவமனைக் கட்டில் தேவையா என்பதை. பெரும்பாலும் அனுபவமுள்ள ஒரு நர்ஸ் கேஸ் ஷீட்டைப் புரட்டுவார்: நரம்பு வழியாக மருந்து ஏறுகிறதா, ஆக்சிஜன் வைத்திருக்கிறார்களா, அடிக்கடி கண்காணிக்க வேண்டியிருக்கிறதா. 1981-ல் அமெரிக்காவில் கெர்ட்மன், ரெஸ்டுச்சியா என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட அளவுகோலும் இப்படித்தான், நோயின் பெயரை ஓரமாக வைத்துவிட்டு ஒவ்வொரு நாளையும் தனியாக எடைபோட்டது.

நிமோனியாவோடு வந்தவரை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று நாள் ஊசியும் ஆக்சிஜனும், யாரும் வாய் திறக்க மாட்டார்கள். நான்காம் நாள் காய்ச்சல் இல்லை, மாத்திரைக்கு மாற்றியாயிற்று, ஆனால் ஸ்கேன் எடுக்க இடம் கிடைக்காமல் படுத்திருக்கிறார் என்றால் அந்த நாள்தான் 'கட்டில் தேவையில்லாத நாள்' என்று மாட்டும். (தப்பு நோயாளியுடையது இல்லை, ஸ்கேன் வரிசையுடையது!)

சரி, நர்ஸுக்குத் திருப்தி இல்லையென்றால்? வழக்கமாக அது ஒரு மருத்துவரிடம் போகும், அவர் சிகிச்சை தரும் டாக்டரிடம் பேசுவார். ஷீட்டில் 'நலமாக உள்ளார்' என்று ஒற்றை வரி எழுதாமல், ஏன் இன்னும் வீட்டுக்கு அனுப்ப முடியாது என்று எழுதியிருந்தாலே பல தகராறுகள் அங்கேயே தீர்ந்துவிடும்.