பிள்ளைகளின் படிப்பைப் பெற்றோரும் பள்ளியும் பார்க்கும் விதம் நாட்டுக்கு நாடு எப்படி மாறுகிறது?

நாட்டுக்கு நாடு இருக்கட்டும், சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் இடையிலேயே நிறைய மாறுகிறது. நடுவில் இருப்பது 20 கொண்டை ஊசி வளைவுகள்தான். கீழே ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்த்துவிட்டு, இப்போது மலையில் அரசுத் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன்.

சேலத்தில் எல்கேஜி நோட்டைப் பிரித்துக் காட்டி, "எதிர்வீட்டுப் பொண்ணு கர்சிவ் எழுதறா, இவன் இன்னும் கோட்டைத் தாண்டறானே மிஸ்" என்று கவலைப்படும் அம்மாக்கள் அதிகம். பள்ளி வேனில் இருந்து இறங்கியதும் ட்யூஷன். "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிருங்க மிஸ்" என்று சொல்லும் அப்பாக்கள் இன்றும் உண்டு, 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் அடிப்பதைத் தடை செய்த பிறகும். அடி கூடவே கூடாது. ஆனால் அந்த அவசரம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரிகிறது. தறி ஓட்டும் வீட்டுக்கும் வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்குப் போகும் வீட்டுக்கும் மார்க்தான் கைக்கு எட்டிய ஏணி. 2007இல் தமிழ்நாட்டில் பொறியியல் நுழைவுத் தேர்வு நீக்கப்பட்டு பிளஸ் டூ மார்க்கே போதும் என்றானபோது, அப்படி ஏறிப் போன பிள்ளைகளை அவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள்.

மலையில் வேறு கதை. இங்கே பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர், தமிழ் பேசும் மக்கள். "படி, படி" என்று யாரும் பிள்ளையை விரட்டுவதில்லை. பாட்டி போகும் தோட்டத்துக்குப் பிள்ளையும் போகும், பக்கத்தில் நின்று பார்க்கும். மூன்றாம் வகுப்பில் ஒரு பெண், கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள். ஒரு நாள் பள்ளிக்கு வெளியே சில்வர் ஓக் மரத்தில் ஏறியிருந்த மிளகுக் கொடியைக் காட்டிக் கேட்டேன். "சரத்துல ஒண்ணு ரெண்டு மணி சிவந்தாலே பறிச்சிரலாம் டீச்சர். காப்பி அப்படி இல்ல, பழம் முழுசாச் சிவக்கணும்" என்றாள். யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை, எல்லாம் பார்த்துக் கற்றது. நாமோ கையைத் தூக்கு, எழுந்து நில், சத்தமாகச் சொல் என்கிறோம். சொல்லாத பிள்ளைக்கு 'மந்தம்' என்று பெயர் வைத்துவிடுகிறோம். எனக்கு ஆறாத கோபம் இதில்தான்.

பின்லாந்தில் ஏழு வயதில்தான் முதல் வகுப்பு, நாமும் அப்படிச் செய்யலாமே என்று பலர் எழுதுகிறார்கள். அங்கே மேல்நிலைப் படிப்பு முடியும்வரை நாடு தழுவிய பொதுத்தேர்வு கிடையாது, அதனால் பெற்றோரால் பொறுமையாக இருக்க முடிகிறது. ஜப்பானில் பிள்ளைகளே வகுப்பறையைக் கூட்டித் துடைக்கிறார்கள். அதை இங்கே கொண்டுவரச் சொன்னால் நான் தயங்குவேன். அங்கே முறை வைத்து எல்லாப் பிள்ளையும் செய்கிறது. இங்கே எந்தப் பிள்ளையின் கையில் துடைப்பத்தைக் கொடுத்தார்கள் என்பதற்குப் பின்னால் சாதி இருந்திருக்கிறது. தன் பிள்ளை துடைப்பம் எடுத்தால் ஓர் அப்பா கொதிப்பதை அகம்பாவம் என்று சொல்லிவிட முடியாது.

ஆகவே முதலில் மாற வேண்டியது பள்ளி என்பேன். 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரித்துக் கற்பிக்கிறோம். பேசாத பிள்ளைக்கு அதில் கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைக்கிறது. அப்புறம் காப்பிப் பறிப்புக் காலத்தில் வருகை குறைவதை வைத்து, பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. பகலில் கூட்டம் வைத்தால் அவர்களுக்கு ஒரு நாள் கூலி போகும். நாங்கள் அதைச் சாயங்காலத்துக்கு மாற்றி ஊருக்குள்ளேயே வைத்தோம். அப்பாக்களும் வந்தார்கள். பறிப்புக் காலத்தில் சின்னப் பிள்ளைகளை யார் பள்ளிக்குக் கூட்டி வருவது என்று அவர்களே பேசி முறை வைத்துக்கொண்டார்கள்.