ரோப் கிராப் தரையிலேயே வழுக்குது, டவர் ஏறலாமா?

ஏறாதீங்க. ரோப் கிராப் என்பது ஆள் விழுந்தால் பாதுகாப்புக் கயிற்றைக் கவ்விப் பிடித்து நிறுத்தும் கருவி. தரையில் வெடுக்கென்று இழுக்கும்போதே கயிற்றைப் பிடிக்காத ரோப் கிராப், 40 மீட்டர் உயரத்தில் கால் தவறினாலும் பிடிக்காது. சூப்பர்வைசர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் இதைச் சொல்லியே மறுத்துடுங்க.

இதற்கு ஒரு முக்கியக் காரணம் கயிற்றின் தடிமன் பொருந்தாதது. எந்தத் தடிமன் கயிறு என்று கருவியின் மேலேயே பொறித்திருக்கும். 14–16 மி.மீ. என்று இருப்பதை 12 மி.மீ. கயிற்றில் மாட்டினால் கவ்வாது.

1. கயிற்றில் சேறு, கிரீஸ் இருந்தால் துடைங்க. வெயிலில் வெளுத்து, நார் நாராகப் பிரிந்திருந்தால் அந்தக் கயிறே வேண்டாம்.
2. அம்புக்குறி மேல்நோக்கி இருக்கணும். தலைகீழாக மாட்டினால் பூட்டாது.
3. கருவியைத் தலை உயரத்துக்குத் தள்ளி, சட்டென்று கீழே இழுங்க. உடனே நிற்கணும். நிற்கவில்லையா, பல்லையும் ஸ்பிரிங்கையும் பாருங்க. மழுங்கியிருந்தால் தட்டிச் சரிசெய்யாதீங்க, ஒதுக்கிடுங்க. ஒருமுறை ஆள் விழுந்ததைத் தாங்கிய கருவியையும் அப்படியே ஒதுக்கிடுங்க.

ஆனால் கருவி பிடிக்கிறது என்பதால் மேலே கயிறு கட்டிய இடமும் உறுதி என்று நம்பிடாதீங்க. அதைக் கீழிருந்து சோதிக்க முடியாது. முதலில் ஏறுபவர் இரட்டைக் கொக்கி லேன்யார்டோடு (பாதுகாப்பு பெல்ட்டில் இணைக்கும், இரண்டு கொக்கி உள்ள வார்), ஒரு கொக்கி எப்போதும் டவரில் மாட்டியபடியே போய்ப் பார்க்கணும்.